புதுப்பிப்பு: உள்பக்கம் தேய்ந்த முன் டயர்கள்

காருக்கு அலைன்மென்ட் (சக்கரங்களோட கோணத்தைச் சரிபண்றது) பண்ணியும் முன் டயர் ரெண்டும் உள்பக்கம் மட்டுமே தேயுதுன்னு கேட்டிருந்தேனே, காரணம் கிடைச்சாச்சு: லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கீழ்க்கையான லோயர் ஆர்ம், வண்டியோட சேர்ற இடத்துல இருக்கிற ரப்பர் உருளை). லிஃப்டில் ஏத்தி கம்பியால் நெம்பினப்போ, ரப்பர் வெடிச்சுப் போய் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடுச்சு. புஷ் தளர்ந்திருந்தா வண்டி ஓடும்போது டோ (மேலிருந்து பார்த்தா சக்கரத்தோட முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற அளவு) மாறிக்கிட்டே இருக்கும். மெஷினில் எத்தனை முறை சரி பண்ணாலும் வீண்தான். அதனால முதலில் புஷ், அப்புறம் அலைன்மென்ட்.

டயரைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. உள்ளிருந்து வெளியே தடவினா வழவழப்பு, திருப்பித் தடவினா ரம்பப் பல் மாதிரி குத்துச்சு. டோ வெளிப்பக்கம் போயிருக்குன்னு அதுவே சொல்லிடுச்சு.

உள்விளிம்பு, டயரை மாத்தணும்னு காட்டுற 1.6 மி.மீ. தேய்மானக் குறியைத் தொட்டுட்டதால் ரெண்டு டயரும் புதுசு. காத்து அளவு கதவோர ஸ்டிக்கர்படி, டயர் சூடேறுறதுக்கு முன்னாடி.