"யூஸ்ட் டு", "ஆம் யூஸ்ட் டு": எது எங்கே வரும்? உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வழக்கமா செய்யிற வேலையைச் சொல்ல "யூஸ்ட் டு" போட்டுத்தான் எழுதுறேன். "ஐ யூஸ்ட் டு செக் த ஸ்டாக் எவ்ரி ஃப்ரைடே"ன்னு மெயில்ல எழுதினா, "ஏன் நிறுத்திட்டீங்க?"ன்னு பதில் வருது. நான் எங்கே நிறுத்தினேன், இப்பவும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்! "ஐ ஆம் யூஸ்ட் டு செக்"ன்னு மாத்தினேன். அதுவும் தப்புங்கிறாங்க. எதுதான் சரி?

பதில் 1:
இரண்டுமே இங்கே பொருந்தாது. இப்பவும் நடக்கிற வழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலமே போதும்: "ஐ செக் த ஸ்டாக் எவ்ரி ஃப்ரைடே". வழக்கம்னு அழுத்திச் சொல்லணும்னா "ஐ யூஷுவலி செக்".

இந்தத் தப்பு தமிழ்லேர்ந்துதான் வருது. "வெள்ளிக்கிழமை தோறும் பார்ப்பேன்" என்றால் இன்றைய வழக்கம். "அப்பல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் பார்ப்பேன்" என்றால் விட்டுப்போன வழக்கம். இரண்டு இடத்திலும் வினை "பார்ப்பேன்"தான். "அப்பல்லாம்" என்ற ஒரு சொல்தான் காலத்தைக் காட்டுது. "யூஸ்ட் டு"வுக்குள்ளேயோ அந்த "அப்பல்லாம்" ஏற்கெனவே உட்கார்ந்திருக்கு. அதனால அதைப் படிக்கிறவர் "முன்னாடி பார்த்தார், இப்போ பார்க்கிறதில்லை"ன்னுதான் எடுத்துக்குவார்.

எழுதுறதுக்கு முன்னாடி தமிழ் வாக்கியத்தோட கடைசியில "இப்போ இல்லை" சேர்த்துப் பாருங்க. பொருள் கெடலைன்னா "யூஸ்ட் டு" போடலாம். கெட்டுப்போச்சுன்னா நிகழ்காலம்தான்.

பதில் 2:
"ஆம் யூஸ்ட் டு" வேற சங்கதி. அதுக்குப் "பழகிப்போச்சு"ன்னு அர்த்தம். அதுல வர்ற "டு" நம்ம "க்கு" உருபு மாதிரி. "சத்தத்துக்குப் பழகிட்டேன்" என்பது "ஐ ஆம் யூஸ்ட் டு த நாய்ஸ்". பெயர்ச்சொல் வர்றவரைக்கும் யாரும் தடுமாறுறதில்லை.

வினை வந்தாத்தான் சிக்கல். "சீக்கிரம் எழுந்திருக்கப் பழகிட்டேன்"னு சொல்றோம். அங்கே "க்கு" காணாமப்போய் "எழுந்திருக்க"ன்னு வருது. அதை அப்படியே பெயர்த்து "ஐ ஆம் யூஸ்ட் டு வேக் அப் எர்லி"ன்னு எழுதிடுறோம். ஆங்கிலத்துல அந்த "டு"வுக்குப் பின்னாடி பெயர் மாதிரி ஒண்ணு இருந்தே ஆகணும். அதனால வினையோட "இங்" சேரும்: "ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி".

சந்தேகம் வந்தா "டு"வுக்குப் பிறகு "இட்" மட்டும் போட்டுப் பாருங்க. "ஐ ஆம் யூஸ்ட் டு இட்" நிற்கும். "ஐ யூஸ்ட் டு இட்" நிற்காது. "இட்" நிற்கிற இடத்துலதான் "இங்" வரும்.

இன்னும் முழுசாப் பழகலை, பழகிக்கிட்டு வர்றோம்னா "ஆம் கெட்டிங் யூஸ்ட் டு".

கேள்வி கேட்டவர்:
ரொம்பத் தெளிவா இருக்கு, நன்றி. ஆனா "எ நைஃப் இஸ் யூஸ்ட் டு கட் பேப்பர்"னு பார்த்திருக்கேன். "இஸ்" இருக்கு, "இங்" இல்லையே?

பதில் 2:
அது மூணாவது ஆள். "பயன்படுத்து" என்கிற வினையோட செயப்பாட்டு வடிவம். கத்தி வெட்டப் பழகலை, வெட்டுறதுக்குப் பயன்படுது. தமிழ்ல "பயன்படுது"ன்னு சொல்ல முடிஞ்சா "டு"வுக்குப் பின்னாடி வெறும் வினை போடுங்க. வாயில வர்ற ஒலியும் வேற. கத்திக்கு வர்றது அதிர்கிற இஸட் ஒலி. மற்ற இரண்டுக்கும் எஸ் ஒலி, அதுவும் "யூஸ்ட்டு"ன்னு ஒட்டிப்போய்தான் கேட்கும்.

பதில் 3:
பழைய வழக்கத்தைச் சொல்ற "யூஸ்ட் டு"வோட மொத்தக் கால அளவு சேராது. "அஞ்சு வருஷம் அங்கே வேலை பார்த்தேன்" என்பதை "ஐ ஒர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்"னுதான் எழுதணும். மொத்தம் மூணு தடவை போனேன்னு சொல்றதுக்கும் அது வேண்டாம். வாரத்துக்கு மூணு தடவைன்னா தாராளமா வரும், ஏன்னா அது வழக்கம்.

"வுட்" போடலாமான்னு அடுத்துக் கேட்பீங்க. திரும்பத் திரும்பச் செஞ்ச செயல்னா போடலாம். இருந்தது, வசிச்சது, பிடிச்சது மாதிரி நிலையைச் சொல்ற வினைன்னா "யூஸ்ட் டு" மட்டும்தான்.

கேள்வி கேட்டவர்:
மூணு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், திருத்துங்க.
"ஐ யூஷுவலி செக் த ஸ்டாக் ஆன் ஃப்ரைடேஸ்."
"ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு ஒர்க்கிங் அட் நைட்."
"டிட் யூ யூஸ்ட் டு ஒர்க் இன் சேல்ஸ்?"

பதில் 1:
முதல் இரண்டும் சரி. மூணாவதுல "டிட்" வந்துட்டதால இறந்தகாலம் அதுலயே அடங்கிப்போச்சு. பின்னாடி வர்ற சொல்லைக் கடைசி டி எழுத்து இல்லாம, யூ-எஸ்-இ என்று மூணு எழுத்தோட எழுதணும். "டிடின்ட்" போட்டு எதிர்மறையா எழுதும்போதும் இதே கதைதான். சொல்லும்போது இரண்டும் ஒரே மாதிரி கேட்கும், அதனால காதை நம்பி எழுதாதீங்க.