டேகேர் மூடியிருக்கும் மாதத்துக்கும் முழுக் கட்டணமா?

காட்பாடி_அம்மா
மூன்று வயது மகளை காந்தி நகர் பக்கம் ஒரு டேகேரில் விடுகிறோம். மாதம் 5,500 ரூபாய். பொங்கல், தீபாவளிக்கு மூடுவதைப் பற்றி நான் பேசவில்லை. மே மாதம் முழுக்க மூடிவிட்டு, அந்த மாதக் கட்டணத்தையும் ஏப்ரல் 10-க்குள் கட்டச் சொல்கிறார்கள். கட்டாவிட்டால் ஜூனில் இடம் இல்லையாம். எனக்கும் கணவருக்கும் மே மாதம் லீவு கிடையாது. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அதனால் அம்மாவையும் ஊரிலிருந்து வரவழைக்க முடியாது. வீட்டுக்கே ஆள் வைத்தால் 9,000 கேட்கிறார்கள். ஒரே மாதத்துக்கு இரண்டு இடத்தில் பணம். ஏன் என்று கேட்டால் "எல்லாரும் கட்டுறாங்க மேடம்" என்பதுதான் பதில். இது நியாயமா?

சத்துவாச்சாரி_டேகேர்
நான் சின்னதா ஒரு டேகேர் நடத்துறேன் மேடம். 22 பிள்ளைங்க. மே மாசம் வாடகை வேண்டாம்னு எந்த வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். அதைவிடப் பெரிய விஷயம் ஆயாம்மாக்கள். என்கிட்ட மூணு பேர் இருக்காங்க. ஒரு மாசம் சம்பளம் நின்னா அடுத்த வாரமே ஷூ கம்பெனிக்குப் போயிடுவாங்க. ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் கம்பெனி வேன் தெருமுனைக்கே வருது, பி.எஃப். பிடிக்கிறாங்க. போனவங்க திரும்ப மாட்டாங்க. ஜூன்ல புது முகத்தைப் பார்த்து உங்க பிள்ளை பத்து நாள் அழும், சாப்பிடாது. அந்த ஆயாம்மாவை நிறுத்தி வைக்கத்தான் மே மாசப் பணம். நீங்க கட்டுறது நாள் கூலி இல்லை, வருஷக் கட்டணத்தைப் பன்னிரண்டாப் பிரிச்சது.

கணக்கு_அண்ணன்
அப்படியானால் அதைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லுங்கள், மேடம். வருடத்துக்கு 66,000, பதினோரு மாதம் திறந்திருப்போம், மாதம் 6,000. தொகை ஒன்றுதான், ஆனால் வேறு இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்க்க முடியும். 5,500 என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு ஏப்ரலில் மூடல் அறிவிப்பை அனுப்புவது அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்று. ஜூனில் எல்.கே.ஜி.க்குப் போகிற பிள்ளையிடமும் மே கட்டணம் வாங்குகிறார்களே, அது எதற்கு? அந்தக் குழந்தை திரும்பி வரப்போவதே இல்லை. போன வருடம் என் தங்கை கட்டினாள். கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்றார்கள். பிப்ரவரியில் சேர்ந்த பிள்ளைக்கும் அதே முழு மே. வருடக் கட்டணம் என்றால், இருந்த மாதங்களுக்கு ஏற்பத்தானே பங்கு வர வேண்டும்?

ஆயா_தங்கச்சி
ஆயாம்மாவுக்காகத்தான் வாங்குறோம்னு சொல்றது எல்லா இடத்துலயும் உண்மை இல்லீங்க. எங்க அக்கா ஒரு ப்ளே ஸ்கூல்ல ஆயா வேலை பார்த்தாங்க. மே மாசம் பெத்தவங்க முழுசாக் கட்டினாங்க, அக்காவுக்கு வந்தது பாதிச் சம்பளம். மீதி எங்க போச்சுன்னு கேட்க முடியாது, கேட்டா ஜூன்ல வேலை இல்லை. அக்காவும் அதுக்கப்புறம் ஷூ கம்பெனிக்குத்தான் போனாங்க. சத்துவாச்சாரி மேடம் ஒழுங்காக் கொடுப்பாங்களா இருக்கும், நான் அவங்களைச் சொல்லல. ஆனா ஆயா பேரைச் சொல்லி வாங்கினா அந்தக் காசு ஆயா கைக்குப் போகணும்.

சத்துவாச்சாரி_டேகேர்
நான் முழுசாக் கொடுக்கிறேன்மா. உங்க அக்காவுக்கு நடந்தது அநியாயம்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்
மே மாசமாவது முன்னாடியே தெரியும். மழை லீவுக்கு என்ன செய்ய? ராத்திரி டூட்டி முடிச்சு காலையில வர்றேன், கணவர் 7 மணிக்குக் கிளம்பணும். பள்ளிகளுக்கு விடுமுறைன்னு ஆட்சியர் அறிவிப்பு காலை ஆறு மணிக்கு டிவியில ஓடுது, அடுத்த நிமிஷம் டேகேர் குழுவிலயும் "இன்று விடுமுறை". ஆஸ்பத்திரிக்கு மழை லீவு கிடையாது. வேலூர்ல எங்க மாதிரி எத்தனை பேர் கேரளாவுல இருந்தும் வடகிழக்குல இருந்தும் வந்து வேலை பார்க்கிறோம், பக்கத்துல பாட்டி வீடு இல்லாதவங்க. அந்த ஒரு நாள் காசைத் திருப்பித் தர்றாங்களா இல்லையாங்கிறது எனக்கு ரெண்டாவது. திறந்து வைங்க, அதைத்தான் கேட்கிறேன்.

சத்துவாச்சாரி_டேகேர்
சிஸ்டர், உங்க கஷ்டம் புரியுது. ஆனா என் ரெண்டு ஆயாம்மா ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்து வர்றவங்க. 2021 நவம்பர்ல பாலாறு கரை புரண்டு தரைப்பாலமெல்லாம் மூழ்கினப்போ அவங்க வீட்டை விட்டே வெளிய வர முடியல. லீவு விட்ட நாள்ல திறந்து வெச்சு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? தனி ஆளா 22 பிள்ளைங்களை நான் பார்க்க மாட்டேன், பார்க்கவும் கூடாது.

வழக்காடு_தம்பி
கொரோனா காலத்தில் இதே கேள்வி நீதிமன்றம் போனது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் முதலில் 40 சதவீதமும், பள்ளி திறந்த பிறகு 35 சதவீதமும் வாங்கலாம் என்றது. 2021 மே மாதம் ராஜஸ்தான் பள்ளிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-21 கல்வியாண்டுக் கட்டணத்தில் 15 சதவீதம் குறைக்கச் சொன்னது. மூடியிருந்ததால் மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு என்று பள்ளிக்கு மிச்சமான செலவைப் பெற்றோரிடம் வாங்குவது லாபம் பார்ப்பதாகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பள்ளிகளுக்கான, ஊரடங்கு காலத்துத் தீர்ப்புகள் இவை, டேகேருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஆசிரியர் சம்பளம் நிற்கக் கூடாது என்பதையும், செய்யாத செலவுக்குப் பணம் வாங்கக் கூடாது என்பதையும் சேர்த்தே பார்த்தார்கள். மே மாதம் உங்கள் டேகேரில் பாலும் சாப்பாடும் ஏ.சி.யும் ஓடாது. அந்தப் பங்கையாவது கழிக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், அக்கா.

பாகாயம்_டு_லீட்ஸ்
நான் வேலூரில் படித்து இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். இங்கே வருடத்துக்கு 8 பேங்க் ஹாலிடே, நர்சரி மூடியிருந்தாலும் பெரும்பாலும் கட்டணம் உண்டு. அதில் பாதி திங்கட்கிழமையில் வரும்: ஈஸ்டர் திங்கள், மே மாதத்தில் இரண்டு, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று. வாரத்தில் திங்கள், செவ்வாய் மட்டும் குழந்தையை விடுகிறவர்கள் தலையில்தான் அந்தச் சுமை விழும். புதன், வியாழன் விடுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு அது ஆறவில்லை, ஆனால் சேரும்போதே ஒப்பந்தத்தில் இருந்தது, படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். 2020 ஊரடங்கில் மூடிய காலத்துக்கும் சில நர்சரிகள் பணம் கேட்டபோது, இங்குள்ள போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் நர்சரிகளுக்குத் திறந்த மடலே எழுதியது. சேவை தராத காலத்துக்கு முழுக் கட்டணம் கேட்கும் நிபந்தனை சட்டப்படி செல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை அது.

கணக்கு_அண்ணன்
அந்தக் கையெழுத்துத்தான் நம் ஊரில் இல்லை. அட்மிஷன் ஃபாரத்தில் அப்பா பெயர், ரத்த வகை எல்லாம் இருக்கும். எந்தெந்த நாள் மூடுவார்கள் என்பது மட்டும் இருக்காது.

ஷூகம்பெனி_சூப்பர்வைசர்
டேகேர் நடத்துறவங்களும் பெத்தவங்களும் மாத்தி மாத்திச் சண்டை போடுறீங்க. வேலை கொடுக்கிறவங்களை யாருமே கேட்கலையே? 2017-ல மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தினப்பவே, 50 பேர் வேலை பார்க்கிற இடத்துல குழந்தைகள் காப்பகம் இருக்கணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க. நாலு கம்பெனி சேர்ந்து பொதுவா ஒண்ணு வைக்கக்கூட வழி இருக்கு. அது நடந்தா மே மாசமும் மூட வேண்டியதில்லை, கம்பெனி ஓடுற நாளெல்லாம் காப்பகமும் ஓடும்.

காட்பாடி_அம்மா
எங்கள் அலுவலகத்தில் 20 பேர்கூட இல்லை அண்ணா. அந்தச் சட்டம் எங்களுக்கு எட்டாது.

சத்துவாச்சாரி மேடம், ஆயாம்மா சம்பளத்துக்கும் வாடகைக்கும் என் பங்கு வேண்டும் என்றால் மனதாரத் தருகிறேன். என் மகளைத் தூக்கி வைத்துச் சோறு ஊட்டுகிறவர்கள் அவர்கள். ஆனால் சாப்பாட்டுச் செலவைக் கழியுங்கள், மூடும் நாட்களை ஜூனிலேயே எழுதிக் கொடுங்கள், போகிற பிள்ளையிடம் மே கட்டணம் வாங்காதீர்கள். இந்த மூன்றையும் எங்கள் டேகேருக்கு இன்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

சத்துவாச்சாரி_டேகேர்
முதல் ரெண்டும் நான் செய்யலாம். சாப்பாட்டுக்கு 1,200 கழிச்சிடுறேன், மூடுற நாள் பட்டியலையும் ஃபாரத்தோடயே தர்றேன். மூணாவது எனக்குக் கட்டாது. வருஷா வருஷம் ஏழெட்டுப் பிள்ளைங்க எல்.கே.ஜி. போறாங்க, அத்தனை பேர் மே பணமும் இல்லைன்னா ஒரு ஆயாம்மா சம்பளத்தை நான் கைக்காசுல போடணும்.

கணக்கு_அண்ணன்
அதைப் பதினோரு மாதக் கட்டணத்தில் சேர்த்து வாங்குங்கள் மேடம். போகிறவர்களிடம் மட்டும் பிடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

சத்துவாச்சாரி_டேகேர்
கட்டணத்தை ஏத்தினா பக்கத்துத் தெரு டேகேருக்குப் போயிடுவாங்க சார். பார்க்கலாம். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன். ஒரு ஆயாம்மாவுக்குக் குடியாத்தம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போயே ஆகணும், அந்த வாரம் நான் கேட்க மாட்டேன். மத்த ரெண்டு பேரும் மே மாசம் வேலைக்கு வரத் தயார்னு சொன்னாங்க. எட்டுப் பிள்ளைங்க சேர்ந்தா காலை 8-ல இருந்து 2 மணி வரைக்கும் திறக்கிறேன். தனிக் கட்டணம் வேண்டாம், மே மாசம் கட்டுறதே போதும். வெளிப் பிள்ளைங்களும் வரலாம்.

நைட்ஷிப்ட்_நர்ஸ்
என் பையனைச் சேர்த்துக்கோங்க மேடம். எட்டு மணிக்குப் பதிலா ஆறே முக்காலுக்குத் திறக்க முடியுமா? கணவர் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்.