துணை அதிபர் வேட்பாளரை எதற்காகத் தேர்ந்தெடுப்பது: வெல்வதற்கா, ஆள்வதற்கா?

மணிமுத்தாறு:

2024 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்ததிலிருந்து ஒரு குற்றச்சாட்டு ஓயாமல் சொல்லப்படுகிறது. கமலா ஹாரிஸ் மின்னசோட்டா ஆளுநர் டிம் வால்ஸைத் துணை அதிபர் வேட்பாளராக்கியது தவறு, பென்சில்வேனியா ஆளுநர் ஜாஷ் ஷப்பிரோவை நிறுத்தியிருந்தால் அந்த மாநிலமும் ஆட்சியும் கைக்கு வந்திருக்கும் என்கிறார்கள். கணக்கைப் பார்த்தாலே இந்த வாதம் நிற்கவில்லை. அதிபரை முடிவுசெய்பவை மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட தேர்வாளர் வாக்குகள். அவற்றில் ஹாரிஸ் பெற்றவை 226. பென்சில்வேனியாவின் 19 வாக்குகளைக் கூட்டினாலும் 245தான் வரும். வெற்றிக்கு வேண்டியது 270.

ஆனால் என் மறுப்பு இந்தக் கூட்டலோடு முடிவதில்லை. துணை அதிபர் வேட்பாளரை ஏதோ ஒரு மாநிலத்தின் வாக்குகளை ஈட்டித் தருபவராக மட்டும் பார்க்கும் பழக்கமே பிழையானது என்று கருதுகிறேன். இதுவரை அமெரிக்க அதிபரான 45 பேரில் ஒன்பது பேர், துணை அதிபராக இருந்தபோது திடீரென்று அந்த நாற்காலிக்கு வந்தவர்கள். எட்டுப் பேர் அதிபரின் மரணத்தால் வந்தார்கள். ஜெரால்டு ஃபோர்டு, நிக்சன் பதவி விலகியதால் வந்தார். ஐந்தில் ஒருவர் இப்படி வந்திருக்கும்போது இதை அரிதான விபத்து என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆகவே வேட்பாளர் தன்னிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, நாளை நான் இல்லாமற்போனால் இவர் அன்றைக்கே முடிவுகளை எடுக்கத் தகுதியானவரா என்பதுதான். அடுத்தது, நான் மக்களிடம் சொல்லி வாக்கு வாங்கிய கொள்கையை இவர் தொடர்வாரா, கலைப்பாரா என்பது. 2008-இல் 72 வயது ஜான் மெக்கெய்ன், ஆளுநராகி இரண்டு ஆண்டுகூட நிறையாத அலாஸ்காவின் சாரா பேலினை அறிவித்தபோது, இந்த முதல் கேள்விக்கு அவரிடம் விடை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. செனட்டர் ஜோ லீபர்மனைத் தேர்ந்தெடுக்காமல் போனதற்காகத் தாம் வருந்துவதாகப் பத்தாண்டுகள் கழித்து மெக்கெய்னே எழுதினார்.

கொற்கை:

மணிமுத்தாறு அவர்களே, நீங்கள் கேட்கும் இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகளே. ஆனால் தேர்தலில் தோற்றவருக்கு அவற்றைக் கேட்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை என்பதை நீங்கள் எங்கும் எடுத்துக்கொள்ளவில்லை.

1960-ஐப் பாருங்கள். ஜான் கென்னடி மாசசூசெட்ஸைச் சேர்ந்தவர், கத்தோலிக்கர், தெற்கு மாநிலங்களில் ஐயத்தோடு பார்க்கப்பட்டவர். டெக்சாஸின் லிண்டன் ஜான்சனை அவர் சேர்த்துக்கொண்டதைத் தம்பி ராபர்ட் கென்னடியே விரும்பவில்லை. தொழிற்சங்கத் தலைவர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்த ஜான்சன் தெற்கு முழுவதும் தொடர்வண்டியில் ஊர் ஊராகச் சென்று பேசினார். டெக்சாஸில் கிடைத்த வெற்றி ஏறத்தாழ 46,000 வாக்குகளில்தான் நின்றது. அங்கே 24 தேர்வாளர் வாக்குகள் இருந்தன. டெக்சாஸையும், 9,000-க்கும் குறைவான வாக்குகளில் வென்ற இல்லினாயையும் இழந்திருந்தால் கென்னடி அதிபராகியிருக்க மாட்டார்.

ஷப்பிரோவைப் பற்றிய கணக்கிலும் நீங்கள் ஒரு மாநிலத்தோடு நின்றுவிட்டீர்கள். 2022-இல் ஏறத்தாழ 15 சதவீதப் புள்ளிகள் வித்தியாசத்தில் ஆளுநரான ஒருவரைத் தேர்ந்தெடுப்பது, நடுநிலை வாக்காளரை நான் மதிக்கிறேன் என்று நாடு முழுவதற்கும் சொல்லும் செய்தி. அந்தச் செய்தி மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் கேட்டிருக்கும். துணை வேட்பாளரின் பெயரே அதிபர் வேட்பாளர் எடுக்கும் முதல் பெரிய முடிவு. வாக்காளர் அதை வைத்துத்தான் அவருடைய மற்ற முடிவுகளை ஊகிக்கிறார்கள்.

மணிமுத்தாறு:

நண்பர் கொற்கை, 1960-ஐ விட்டால் உங்களுக்கு வேறு எடுத்துக்காட்டு எளிதில் அகப்படாது. 1988-இல் டுகாகிஸ் அதே டெக்சாஸைக் குறிவைத்து லாயிட் பென்ட்சனைச் சேர்த்தார், டெக்சாஸில் தோற்றார். 2004-இல் கெர்ரி வட கரோலினாவின் ஜான் எட்வர்ட்ஸைச் சேர்த்தார். வட கரோலினாவில் தோற்றார். 2012-இல் ராம்னி விஸ்கான்சினின் பால் ரையனைச் சேர்த்தார். அங்கும் அதே முடிவு. மாறாக, 1992-இல் பில் கிளின்டன், தம்மைப் போலவே தெற்கைச் சேர்ந்த, ஏறத்தாழ தம் வயதே உடைய, பக்கத்து மாநிலமான டென்னசியின் அல் கோரைத் தேர்ந்தெடுத்தார். நிலப்பரப்பைச் சமன்செய்யும் பழைய விதிப்படி அது தவறான தேர்வு, ஆயினும் வென்றார்கள்.

ஜான்சனும் வெறும் டெக்சாஸ்காரராக வந்தவரல்லர். செனட்டின் பெரும்பான்மைத் தலைவராக ஆறு ஆண்டுகள் இருந்தவர், சட்டங்களை எப்படி நிறைவேற்றுவது என்று அன்றைய வாஷிங்டனில் அவரளவுக்கு அறிந்தவர்கள் மிகக் குறைவு. கென்னடி கொல்லப்பட்ட 1963 நவம்பர் 22-க்குப் பிறகு, அவர் முன்வைத்து நாடாளுமன்றத்தில் தேங்கிக் கிடந்த குடிமை உரிமைகள் சட்டத்தை 1964-இல் நிறைவேற்றியது அந்த அறிவுதான். உங்கள் எடுத்துக்காட்டே என் பக்கம் பேசுகிறது.

வெண்ணி:

இருவருமே இருபதாம் நூற்றாண்டுக்கு முன்னால் போகவில்லை. வாக்குக்காக மட்டும் சேர்க்கப்பட்ட துணை என்ன செய்யக்கூடும் என்பதை முழுமையாகக் காட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு. அதைப் பார்த்த பிறகு, கொள்கை ஒற்றுமையைத் தகுதிக்கும் முன்னால் வைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

1840-இல், அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி, வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்குத் துணையாக வர்ஜீனியாவின் ஜான் டைலரை நிறுத்தியது. தெற்கத்திய வாக்குகளுக்காகச் சேர்க்கப்பட்ட அவர் அந்தக் கட்சியின் பொருளாதாரக் கொள்கையை நம்பாதவர். ஹாரிசன் பதவியேற்ற ஒரு மாதத்தில் இறந்தார். கட்சியின் தலையாய திட்டமான தேசிய வங்கிச் சட்டத்தை டைலர் இரண்டு முறை தடுத்தார். வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டரைத் தவிர அமைச்சரவை முழுவதும் விலகியது. கட்சி அவரை வெளியேற்றியது. வென்ற கட்சி, வென்றும் ஆட்சியை இழந்தது.

அதைவிடக் கொடியது 1864. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அடிமை முறையை உறுதியாக எதிர்த்த மெயின் மாநிலத்தின் ஹானிபல் ஹாம்லின் அப்போது லிங்கனின் துணை அதிபர். ஜூன் மாதம் பால்டிமோரில் கூடிய கட்சி மாநாடு அவரை விலக்கிவிட்டு, எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரும் தென்னவருமான டென்னசியின் ஆண்ட்ரூ ஜான்சனை நிறுத்தியது. போரை ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சியினரையும் எல்லை மாநிலங்களையும் ஈர்ப்பது நோக்கம். பிரிந்துபோன மாநிலங்களின் செனட்டர்களில் பதவியை விட்டு விலகாமல் ஒன்றியத்தின் பக்கம் நின்றவர் இவர் ஒருவரே என்பதால் அன்றைக்கு அது அழகான தேர்வாகவும் தெரிந்தது.

லிங்கன் இரண்டாம் முறை பதவியேற்று ஆறு வாரங்களில் கொல்லப்பட்டார். அதன் பின் நடந்ததை எண்ணிப் பாருங்கள். தெற்குக் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைகளில் விடுதலை பெற்ற மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட நிலங்களை ஜான்சன் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். கறுப்பின மக்களை மீண்டும் கட்டுக்குள் வைக்கும் சட்டங்களைத் தென் மாநிலங்கள் இயற்றியபோது பார்த்துக்கொண்டிருந்தார். 1866-இன் குடிமை உரிமைகள் சட்டத்தை நிராகரித்தார். நாடாளுமன்றம் அவரை மீறித்தான் அதை நிறைவேற்றியது. விடுதலை பெற்றவர்களுக்குக் குடியுரிமையை உறுதிசெய்த, அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தத்தை எதிர்த்தார். 1868-இல் பதவிநீக்க விசாரணையில் ஒரே ஒரு வாக்கில் தப்பினார். போரில் பல லட்சம் உயிர்களைக் கொடுத்துப் பெற்ற விடுதலையின் முதல் ஆண்டுகள், ஒரு தேர்தல் கணக்குக்காகச் சேர்க்கப்பட்ட மனிதரிடம் சிக்கிச் சீரழிந்தன. இதை வெறும் தேர்வுப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொற்கை:

வெண்ணி அவர்கள் 1864 ஜூனில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆகஸ்ட்டில்கூட, தாம் தோற்கப் போவதாகவே லிங்கன் ஒரு தாளில் எழுதி, மடித்து, அமைச்சர்களிடம் உள்ளே இருப்பதைக் காட்டாமல் கையெழுத்து வாங்கினார். எதிரில் நின்ற கட்சி, போரை நிறுத்தி உடன்பாடு காண வேண்டும் என்ற தீர்மானத்தோடு நின்றது. அவர்கள் வென்றிருந்தால் ஹாம்லின் எவ்வளவு நல்லவராக இருந்தும் என்ன பயன்?

வெண்ணி:

லிங்கன் வென்றது 212-க்கு 21 என்ற தேர்வாளர் வாக்குகளில். செப்டம்பரில் தெற்கின் முக்கிய நகரான அட்லாண்டா லிங்கனின் படையிடம் வீழ்ந்ததும் தேர்தலின் போக்கே மாறிவிட்டது. ஜூனில் இருந்த அச்சம் நவம்பரில் இல்லை. அந்த அச்சத்தால் சேர்த்த ஆள் மட்டும் நான்கு ஆண்டு காலத்துக்கு நிலைத்துவிட்டார்.

தாமரைக்குளம்:

ஒரு கேள்வி. டைலரையும் ஆண்ட்ரூ ஜான்சனையும் நிறுத்தியவை கட்சி மாநாடுகள் என்கிறீர்கள். இன்று வேட்பாளர் தனியாக முடிவெடுக்கிறார், மாநாடு கைதட்டுகிறது. ஒருவர் விருப்பத்தில் நாட்டின் அடுத்த தலைவரைக் குறிப்பது மக்களாட்சிக்குப் பொருந்துமா? மாநாட்டிடமே மீண்டும் விட்டுவிடலாமே?

வெண்ணி:

அதற்கும் வரலாறு இருக்கிறது. 1940-இல் ஹென்றி வாலஸை ஏற்காவிட்டால் தாம் போட்டியிடப் போவதில்லை என்று ரூஸ்வெல்ட் பிடிவாதம் பிடித்ததிலிருந்துதான் வேட்பாளரின் சொல் கட்சியின் சொல்லாகத் தொடங்கியது. 1956-இல் அட்லாய் ஸ்டீவன்சன் முடிவை மாநாட்டிடமே விட்டார். கென்னடியை முந்தி கெஃபாவர் துணை வேட்பாளராக வந்தார், தேர்தலில் அந்த இணை தோற்றது. தன்னோடு ஒத்துப்போகாதவரைத் தன் பக்கத்து அறையில் உட்கார வைத்தால் எந்த அதிபரும் அவரிடம் எதையும் சொல்ல மாட்டார். ஆகவே வேட்பாளரே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் அவசரப்படாமல் தேர்ந்தெடுக்கட்டும். 1972-இல் மெக்கவர்ன், மாநாட்டின் கடைசி மணிநேரத்தில் தாமஸ் ஈகிள்டனைத் தொலைபேசியில் அழைத்துச் சேர்த்தார். மன அழுத்த நோய்க்கு அவர் மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றிருந்த செய்தி வெளிவந்து, 18 நாள்களில் அவர் விலக நேர்ந்தது. ஒருவருடைய நோயைக் காட்டி அவரை விலக்கியது சரியா என்பது தனி விவாதம். ஆனால் வேட்பாளர் அதைச் செய்தித்தாளுக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

மணிமுத்தாறு:

பக்கத்து அறை என்று வெண்ணி அவர்கள் சொன்னதை நான் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் வாதத்தின் மையம் அதுதான். 1944-இல் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலையைக் கண்ட கட்சித் தலைவர்கள் வாலஸை நீக்கி ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். தேர்வு நன்றாகவே அமைந்தது. ஆனால் 82 நாள்கள் துணை அதிபராக இருந்த ட்ரூமனுக்கு, 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் பதவியேற்ற பிறகுதான் அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் சொல்லப்பட்டது. உலகப் போரின் நடுவே இதைவிடப் பொறுப்பற்ற ஏற்பாடு இருக்க முடியாது.

ஜிம்மி கார்ட்டர் 1976-இல் வேறு வழியில் போனார். பெயர்பட்டியலில் இருந்தவர்களில் சிலரை ஜார்ஜியாவில் தம் சொந்த ஊரான பிளெயின்சுக்கு வரவழைத்து நேரில் நீண்ட நேரம் பேசினார். தேர்ந்தெடுத்த வால்டர் மாண்டேலுக்கு வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அலுவலகம் கொடுத்தார், உளவுக் குறிப்புகளைக் காட்டினார், வாரந்தோறும் தனியாக அமர்ந்து உணவருந்தினார். இன்றைய துணை அதிபர் பதவி அங்கேதான் பிறந்தது. இவ்வளவையும் இவரிடம் திறந்து வைப்பேனா என்று கேட்டுக்கொண்டால், மாநில வாக்குகளுக்காகச் சேர்க்க நினைக்கும் பெயர்களில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

ஒத்துப்போவது அடிபணிவது ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகள் டிரம்பிடம் மாறாத விசுவாசம் காட்டிய மைக் பென்ஸ், 2021 ஜனவரி 6 அன்று, டிரம்ப் தோற்ற தேர்தலின் முடிவை நாடாளுமன்றம் உறுதிசெய்யக் கூடியபோது, தேர்வாளர் வாக்குகளை ஒதுக்கித் தள்ள மறுத்தார். அந்த மறுப்பு இல்லாதிருந்தால் அன்று நாடு எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

கொற்கை:

பென்ஸை நீங்கள் எடுத்ததால் நானும் எடுக்கிறேன். 2016-இல் அவர் ஏன் சேர்க்கப்பட்டார்? டிரம்பை நம்பத் தயங்கிய கிறிஸ்தவ மதப்பற்றாளர்களுக்கு உறுதியளிக்கத்தான். நீங்கள் ஒதுக்கச் சொல்லும் அதே வாக்குக் கணக்குதான், நீங்கள் போற்றும் அந்த மனிதரை அந்த நாற்காலியில் அமர்த்தியது.

2020-உம் அப்படியே. உட்கட்சித் தேர்தலில் அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் சரிந்திருந்த பைடனைத் தூக்கி நிறுத்தியவர்கள் தெற்குக் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்கள். ஒரு பெண்ணையே துணையாக்குவேன் என்று மார்ச்சில் அறிவித்த அவர், ஆகஸ்ட்டில் கமலா ஹாரிஸைத் தேர்ந்தெடுத்தார். மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரத்தில் அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊரார் கொண்டாடியது நமக்குத் தெரியும். அந்தத் தேர்வைச் சிலர் வெறும் அடையாள அரசியல் என்று இகழ்ந்தார்கள். கட்சியைத் தாங்கும் மக்கள் ஆட்சியின் உச்சியில் தங்களைக் காண விரும்புவது நேர்மையான கோரிக்கை; அதற்குச் செவிசாய்ப்பதும் ஆள்வதன் ஒரு பகுதியே. செனட்டில் சமநிலை ஏற்பட்டபோதெல்லாம் ஹாரிஸ் அளித்த 33 முடிவு வாக்குகள், இதுவரை எந்தத் துணை அதிபரும் அளித்திராத எண்ணிக்கை.

இறுதியாக ஒன்று. 2024 ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகியதும் கட்சி ஹாரிஸைத் தவிர வேறு எவரையும் நாடவில்லை. அதாவது 2020-இல் செய்த தேர்வே 2024-இன் அதிபர் வேட்பாளரையும் முடிவுசெய்துவிட்டது. துணையாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் பின்னாளில் தாமே நின்று வெல்லக்கூடியவரா என்று பார்க்காமல் தகுதியை மட்டும் பார்த்தால், 1984-இல் 49 மாநிலங்களில் தோற்ற மாண்டேலைப் போன்றவர்களே கிடைப்பார்கள்.

மணிமுத்தாறு:

மாண்டேல் தோற்றது ரீகனிடம். அந்த ரீகன் 1980-இல் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள்: உட்கட்சித் தேர்தலில் தம்மைக் கடுமையாக எதிர்த்த ஜார்ஜ் புஷ். ஐ.நா. தூதர், சீனாவுக்கான பிரதிநிதி, உளவு அமைப்பின் தலைவர் என்று பணியாற்றியவர். பதவியேற்று 70 நாள் ஆவதற்குள் ரீகன் சுடப்பட்டபோது எவரும் துணை அதிபரின் தகுதியை எண்ணிக் கலங்கவில்லை. 1988-இல் புஷ் தாமே நின்று வென்றார். பதவியிலிருக்கும் துணை அதிபர் ஒருவர் அப்படி வென்றது 1836-க்குப் பிறகு அதுவே முதல் முறை. தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் கேட்கும் வெற்றியும் பின்னால் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

கொற்கை:

அதே 1980 மாநாட்டில் ரீகன் முதலில் பேச்சு நடத்தியது ஃபோர்டோடு. அது முறிந்த இரவில்தான் புஷ்ஷை அழைத்தார், கட்சியின் மிதவாதிகள் தம்மை விட்டு விலகிவிடக் கூடாது என்பதற்காக. தகுதி அவரிடம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்ய வைத்தது வாக்குக் கணக்கு.