பனையோலைப் பெட்டிக்கு என்ன விலை சொல்வது?

வணக்கம் உறவுகளே. பரந்தன் பக்கம் வீட்டோடு பனையோலை வேலை செய்கிறேன். கூட இரண்டு அக்காமார் பின்னுகிறார்கள். விலை போடுவதில் தடுமாறுகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூடியோடு ஒரு சின்னப் பெட்டியை 700 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். குருத்தோலைக்கும் சாயத்துக்கும் 180 போகும். மிச்சம் இலாபம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். போன கிழமை மணிக்கூட்டைப் பார்த்துப் பின்னினேன். ஓலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் அவித்து எடுத்த நேரம் வேறு. பின்னலுக்கு மட்டுமே ஐந்து மணித்தியாலம். மூடி இறுக்கமாக உட்காரவில்லை என்று விளிம்பை இரண்டு தரம் அவிழ்த்துப் பின்னினேன். கணக்குப் பார்த்தால் மணிக்கு 104 ரூபாய்! களை பிடுங்கப் போனால்கூட இதைவிடக் கிடைக்கும்.

சாமத்திய வீட்டுக்கு 100 பெட்டி கேட்ட ஒருவர், "ஓலை சும்மா கிடைக்கிறதுதானே, 400க்குத் தாங்கோ" என்றார். மனம் நொந்து போனது. அக்காமாரின் கூலியில் கைவைக்க எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் மணித்தியாலக் கூலி வைத்து விலை போடுகிறீர்களா, உருப்படிக்கு இவ்வளவு என்றா? புது வடிவம் யோசித்து மாதிரி பின்னிக் காட்டுவதற்குத் தனியாகக் காசு கேட்கலாமா? அப்புறம், கனடாவில் இருந்து கேட்பவருக்கும் ஊர்ச் சனத்துக்கும் ஒரே விலைதான் சொல்கிறேன், அது சரிதானா? அந்த 100 பெட்டிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.