இங்கிலாந்தில் கணக்கு டீச்சர்: க்யூ.டி.எஸ். (அந்நாட்டு ஆசிரியர் தகுதி) வாங்கியவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து, பத்து வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கணவருக்கு லெஸ்டரில் வேலை கிடைத்துவிட்டது. மே மாதம் பிள்ளைகளோடு நானும் கிளம்புகிறேன்.

அங்கே க்யூ.டி.எஸ். தகுதிக்கு 2023 முதல் இந்தியாவில் படித்த ஆசிரியர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல் அல்லது மொழிப்பாடம் நடத்தத் தகுதி வேண்டும். இங்கேதான் இடிக்கிறது. என் பி.எட். சான்றிதழில் வயதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பல்கலைக்கழகத்தில் தனிக் கடிதம் வாங்கியவர்கள் உண்டா? எத்தனை நாள் அலைய வேண்டியிருந்தது?

இன்னொன்று, நான் 2014இல் முடித்தது ஒரு வருட பி.எட். (அடுத்த வருடமே இரண்டு வருடமாக்கிவிட்டார்கள்!) அதை ஏற்றுக்கொள்கிறார்களா?

முதலில் வேலை பார்த்த தனியார் பள்ளியில் அனுபவச் சான்று கேட்டு நான்கு முறை போனேன். 'நன்னடத்தை உடையவர்' என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தார்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்பதே இல்லை. இப்போதைய பள்ளியின் கடிதம் மட்டும் போதுமா?

அப்புறம், கல்லூரியில் ஆங்கில வழியில்தான் படித்தேன். அதற்குச் சான்று வைத்தால் சரியா, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதியே ஆக வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.