வீட்டிலேயே கட்டிய நிலவெப்பப் பம்ப்: சிஓபி 4.9 காட்டுகிறது, நம்பலாமா?

பனிக்காட்டான்:
ஒன்டாரியோவில் பீட்டர்பரோவுக்கு வெளியே இருக்கிறேன். எங்கள் ரோட்டுக்கு கேஸ் லைன் வரவில்லை, குளிர்காலம் முழுக்க புரோபேன் லாரியைத்தான் நம்பியிருக்கிறோம், அந்த பில்லைப் பார்த்தாலே ஹீட்டர் இல்லாமல் வியர்க்கிறது. அதனால் போன கோடையில் ஒரு கிறுக்கு வேலையில் இறங்கினேன்: மண்ணிலிருந்து சூட்டை எடுத்து கராஜுக்குக் கொடுக்கும் நிலவெப்பப் பம்பை நானே கட்டுவது. பழைய 1 டன் விண்டோ ஏசி ஒன்றை வாங்கி (உள்ளே இருந்த ஆர்22 வாயுவை லைசென்ஸ் உள்ளவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்), இரண்டு காயிலையும் வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (வாயுவுக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய தகடுகள் வழியாகச் சூட்டை மாற்றும் பெட்டி) வைத்தேன். பின்பக்க நிலத்தில் 1.8 மீட்டர் ஆழத்துக்குக் கால்வாய் தோண்டி 100 மீட்டர் பாலிஎத்திலின் குழாயைப் புதைத்து, அதற்குள் உறையாமல் இருக்க 20 சதவீதம் புரோபிலின் கிளைகால் கலந்த தண்ணீர் ஓடுகிறது. கம்ப்ரசரில் இப்போது புரோபேன், அதாவது ஆர்290. எல்லாம் கராஜில் இருக்கிறது. கராஜ் ரேடியேட்டருக்குப் போகும் வழியில் 200 லிட்டர் டாங்கி.

நேற்று எடுத்த அளவுகள்: சூடான பக்கம் நிமிடத்துக்கு 9 லிட்டர், போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 6 டிகிரி வித்தியாசம். மண் பக்கம் நிமிடத்துக்கு 11 லிட்டர், மண்ணிலிருந்து மெஷினுக்கு வருவது −1, திரும்ப மண்ணுக்குப் போவது −3.5. கம்ப்ரசர் பிளக் மீட்டரில் 770 வாட். கணக்குப் போட்டால் 3.76 கிலோவாட் சூடு, சிஓபி (சாப்பிடும் கரண்டைப்போல் எத்தனை மடங்கு சூடு கிடைக்கிறது என்பது) 4.9! மனைவியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன், ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தேகம். அக்டோபரில் மண்ணிலிருந்து 8 டிகிரியில் வந்துகொண்டிருந்தது, ஜனவரியில் −1. இது சாதாரணமா?

கணக்குப்பிள்ளை:
மனைவியிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டிவரும் போலிருக்கிறது. உங்கள் இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. மண்ணிலிருந்து எடுப்பதும் கம்ப்ரசர் சாப்பிடும் கரண்டும் சேர்ந்துதான் சூடான பக்கம் வெளிவர வேண்டும், வேறு எங்கிருந்தும் வராது. மண் பக்கம் 11 லிட்டர், 2.5 டிகிரி, கிளைகால் கலவைக்கு ஒரு லிட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 4 கிலோஜூல் என்று வைத்தால் 1.8 கிலோவாட். அதோடு 0.77 சேர்த்தால் 2.6. நீங்கள் சொல்வது 3.76. மிச்சம் 1.2 கிலோவாட்டை யார் கொண்டுவந்து கொட்டினார்கள்? கம்ப்ரசர் உடம்பிலிருந்து கொஞ்சம் சூடு கராஜுக்குள் போவதைச் சேர்த்தால் சூடான பக்கம் இன்னும் குறையத்தான் செய்யும்.

இன்னொரு வழியில் பாருங்கள். எவாப்பரேட்டர் (மண் பக்கம் சூட்டை வாங்கும் இடம்) −8, கண்டென்சர் (சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் இடம்) 45 டிகிரி என்று வைத்தால், வெப்ப இயந்திரங்களுக்கு இயற்பியலாளர் கார்னோ சொன்ன உச்ச வரம்பே 6தான்: 45 டிகிரி என்பது கெல்வினில் 318, அதை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 53ஆல் வகுக்க வேண்டும். எந்த இயந்திரமும் அதைத் தாண்ட முடியாது. பழைய விண்டோ ஏசி கம்ப்ரசர் அதில் பாதியைத் தொட்டாலே பெரிய விஷயம். நீங்கள் 80 சதவீதத்துக்கு மேல் என்கிறீர்கள்.

என் சந்தேகம் தெர்மாமீட்டர் மேல். குழாயில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறீர்களா? 6 டிகிரி வித்தியாசத்தை அளக்கும்போது 1 டிகிரி தப்பினால் சிஓபியில் ஆறில் ஒரு பங்கு தப்பு. இரண்டு சென்சாரையும் ஒரே பாத்திரத்தில் ஐஸும் தண்ணீருமாகக் கலக்கி அதில் போட்டுப் பாருங்கள், இரண்டும் 0 காட்ட வேண்டும். அப்புறம் டாங்கியை 30 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுபோக எத்தனை நிமிடம் ஆகிறது என்று ரேடியேட்டரை மூடிவிட்டு அளந்து பாருங்கள். 200 லிட்டருக்கு அது 2.3 கிலோவாட் மணி. டாங்கி பொய் சொல்லாது.

இரண்டு சர்க்குலேஷன் பம்பின் கரண்டையும் சேர்க்க மறக்காதீர்கள். பலர் அதை விட்டுவிட்டுத்தான் பெருமைப்படுகிறார்கள்.

பழைய மெக்கானிக்:
தம்பி, சிஓபி கிடக்கட்டும், முதலில் இதைக் கேள். 20 சதவீத கிளைகால் −7, −8க்குள் உறைய ஆரம்பிக்கும். உன் எவாப்பரேட்டரே அங்கேதான் நிற்கிறது. பிளேட் எக்ஸ்சேஞ்சருக்குள் ஐஸ் பிடித்தால் தகடு கிழியும், தண்ணீர் நேராக கம்ப்ரசருக்குள் போகும், அன்றோடு கதை முடிந்தது. இன்றைக்கே கிளைகாலை 30க்குக் கொண்டுபோ. வாயு அழுத்தம் குறைந்தால் மெஷினை நிறுத்தும் லோ பிரஷர் கட்டவுட்டும், தண்ணீர் ஓட்டம் நின்றால் நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்சும் இருக்கிறதா? நீ எழுதவில்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ரெண்டாவது, அந்த புரோபேனை எங்கே வாங்கினாய்? பார்பிக்யூ சிலிண்டரிலிருந்து பிடித்திருந்தால் அது குளிர்பதனத்துக்கான வாயு இல்லை, ஈரம் இருக்கும், வாசனைக்குப் போட்ட மருந்தும் இருக்கும். எவாப்பரேட்டருக்கு வாயுவை ஊட்டும் மெல்லிய கேப்பிலரி குழாய் வாயில் அந்த ஈரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். புரோபேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் படரும், காற்றில் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் போனாலே பிடித்துக்கொள்ளும். கராஜில் பைலட் எரியும் ஹீட்டர் எதுவும் தரையோடு இருக்கக்கூடாது. விண்டோ ஏசியின் ரிலே, தெர்மோஸ்டாட் எல்லாம் பொறி விடும், அதைத் தூக்கிச் சுவரில் மேலே வை.

சென்னையில் முப்பது வருஷம் ஏசி வேலை பார்த்தவன் சொல்கிறேன், உன் கேப்பிலரி 7 டிகிரி எவாப்பரேட்டருக்கு வெட்டிய அளவு. −8ல் அது சரியாக ஊட்டாது. அதற்குப் பதில் ஊட்டும் அளவைத் தானே மாற்றும் எக்ஸ்பான்ஷன் வால்வு போட்டு சூப்பர்ஹீட்டை (கொதித்து முடிந்தபின் வாயு கூடுதலாகச் சூடாகும் அளவு) 6 டிகிரி பக்கம் நிறுத்து.

மீன்குழம்பு:
ஒஸ்லோவிலிருந்து. இங்கே பெரும்பாலும் பாறையில் துளை போட்டு இறக்குகிறார்கள், உங்களுடையது கிடைமட்டக் குழாய். அந்த வகைக்கு 1 டன்னுக்கு 400 முதல் 600 அடி என்று பொதுவாகச் சொல்வார்கள், உங்கள் 100 மீட்டர் 330 அடிதான். 8லிருந்து −1க்கு இறங்கியது அதனால்தான் என்று நினைக்கிறேன். குழாயைச் சுற்றி மண் உறைவது மட்டும் பெரிய குற்றமில்லை, உறையும்போதும் சூடு வெளிவரும். ஆனால் வருஷா வருஷம் கோடையில் அது முழுதாகத் திரும்பச் சூடாகாவிட்டால் இரண்டாவது வருஷம் இன்னும் கீழே போகும். அக்டோபரில் ஒரு நாள் எடுத்த அளவை வைத்து யாரும் மயங்கக்கூடாது. பிப்ரவரி கடைசியில் எடுத்ததுதான் அளவு.

பனிக்காட்டான்:
எல்லோருக்கும் நன்றி, திட்டியவருக்கும் சேர்த்து. அண்ணா, பார்பிக்யூ சிலிண்டர்தான், ஒத்துக்கொள்கிறேன். மெஷினை நிறுத்திவிட்டேன், ஊரில் குளிர்பதன லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் பேசியிருக்கிறேன். அவர் வந்து உள்ளே இருக்கும் வாயுவை வெளியே எடுத்து, வேக்யூம் போட்டு, சரியான வாயுவை நிரப்புவார். கட்டவுட், வால்வு இரண்டும் ஆர்டர் போட்டாயிற்று.

நிறுத்துவதற்கு முன்னால் ஐஸ் சோதனை செய்தேன். திரும்பும் பக்க சென்சார் 0.4, போகும் பக்கம் 1.1. அதோடு போகும் பக்க சென்சார் கம்ப்ரசரிலிருந்து சூடான வாயு வெளிவரும் டிஸ்சார்ஜ் குழாயைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. தள்ளி வைத்து, மேலே இன்சுலேஷன் சுற்றி, 0.7ஐக் கழித்தபின் வித்தியாசம் 4.3. அதாவது 2.7 கிலோவாட். டாங்கி 10 டிகிரி ஏற 54 நிமிடம், அது 2.58. மண் பக்கக் கணக்கு 2.6. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் ஒரு நிம்மதி, சிஓபி 3.4 என்றாலும் பரவாயில்லை. இரண்டு பம்பும் சேர்ந்து 150 வாட், அதையும் போட்டால் 2.8.

மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது கால்வாய்க்கு நிலம் இளகும்வரை காத்திருக்க வேண்டும், இப்போது மண்வெட்டி வைத்தால் தீப்பொறிதான் வரும்.