ஸ்பே பே ஐஸ் ஹவுஸ்: கூரையில் ஏன் புல்?

மாறன்_அபர்டீன்:
டால்பின் பார்க்க ஸ்காட்லாந்தின் ஸ்பே பே போயிருந்தோம். ஆறு கடலில் சேரும் இடத்தில் டக்நெட் என்ற பழைய சால்மன் மீன் நிலையம். அங்கே 1830இல் கட்டிய ஐஸ் ஹவுஸ், அதாவது ஐஸ் சேமிக்கும் கிடங்கு: பாதி மண்ணுக்குள், பக்கம் பக்கமாக மூன்று வளைகூரைகள், மேலே முழுக்கப் புல். 1968 வரை பயன்பட்டதாம். மெஷின் இல்லாமல் கோடையில் ஐஸ் எப்படி நின்றது?

ஐஸ்பார்_அண்ணாச்சி:
தம்பி, தூத்துக்குடியில எங்கப்பா ஐஸ் கம்பெனி நடத்தினவர். ஐஸுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி அது உருகின தண்ணிதான். தண்ணி தேங்கி நின்னா கட்டி அடியிலிருந்தே கரையும். அதனால இந்த மாதிரிக் கிடங்குல வடிகால்தான் உயிர். அடுத்தது, துண்டு துண்டா அள்ளிக் கொட்டுனா நிக்காது. சந்து இல்லாம இடிச்சுத் திணிக்கணும், எல்லாம் ஒட்டி ஒரே பாறையாயிரும். பாறை லேசுல உருகாது. புல்லும் மண்ணும் வெக்கையை உள்ள விடாது. அவ்வளவு மண்ணைத் தாங்கத்தான் வளைகூரை. மரச்சட்டம் போட்டிருந்தா அந்த ஈரத்துக்கு உளுத்துப்போயிருக்கும்ல.

நாங்க உமியும் சாக்கும் போட்டு மூடினோம். அவங்க ஒரு குன்றையே மேல போட்டுட்டாங்க!

கல்வெட்டுக்காரி:
முன்பெல்லாம் அந்த ஊர் சால்மனை வேகவைத்து, வினிகரில் ஊறப்போட்டுத்தான் லண்டனுக்கு அனுப்பினார்கள். 1780களில் ஸ்காட்லாந்து எம்.பி. ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் ஐஸில் அனுப்பும் முறையைப் பரப்பினார். சீனர்கள் மீனை ஐஸில் வைப்பதை அவருக்குச் சொன்னவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள், நம் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக வேலை தொடங்கியவர். பச்சை மீனுக்கு லண்டனில் கிடைத்த விலைதான் இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டவைத்தது. ஸ்காட்லாந்தில் மிஞ்சியிருப்பவற்றில் இதுவே பெரியது என்பார்கள்.

மாறன்_அபர்டீன்:
அப்போ நம்ம திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் மாதிரியா?

கல்வெட்டுக்காரி:
இல்லை. அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸுக்கு. வெள்ளைக்கார துரைகள் குளிரக் குடிக்க. ஸ்பே பேயிலோ குளிர்காலத்தில் உள்ளூர் ஆற்றிலேயே ஐஸை வெட்டி, மீன் சீசனுக்கு முன்பே நிரப்பிக்கொண்டார்கள்.

ஐஸ்பார்_அண்ணாச்சி:
குளிர் சரியா விழாத வருஷம் என்ன பண்ணிருப்பாங்க? எங்களுக்குக் கரண்டு போனா வர்ற வயித்தெரிச்சல் அவங்களுக்கு டிசம்பர்லயே வந்திருக்கும். மாறன், திரும்பப் போனா வடிகால் வாயை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.